கிழமை என்னும் சாட்சி

(மைசூரு மண்டி மொஹல்லாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் நாட்கணக்கு. ஒரு தேதியைச் சொன்னால் அதன் கிழமையைக் கண்டுபிடிப்பது எப்படி, லீப் ஆண்டு அந்தக் கணக்கில் எங்கே குறுக்கிடுகிறது என்பவற்றைச் சொல்லப் போகிறேன். அதைவிட முக்கியமாக, கிழமை எதற்குப் பயன்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு, மாதம், தேதி ஆகியவற்றை அரசர்களும் போப்பாண்டவர்களும் நாடாளுமன்றங்களும் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். இந்த மாற்றங்களுக்கெல்லாம் அசையாமல் ஓடிவந்தது ஏழு நாள் வாரம். ஆகவே தேதியில் பிழை இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி கிழமைதான். இதுவே என் கட்சி.

ஒரே சனிக்கிழமை

இதைப் பேச மண்டி மொஹல்லாவைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இங்கே ஒருவர் கடையில் ஹிஜ்ரி தேதி போட்ட உருதுக் காலண்டர் தொங்கும். இன்னொருவர் வீட்டில் மைசூரிலேயே அச்சாகும் ஒண்டிகொப்பல் பஞ்சாங்கம் இருக்கும். தமிழர் வீட்டுச் சுவரில் நாள்தோறும் கிழிக்கும் காலண்டர். ஒருவருக்கு ஆண்டுப் பிறப்பு யுகாதி, ஒருவருக்குச் சித்திரை முதல் நாள், ஒருவருக்கு முஹர்ரம். ஆனால் வெள்ளிக்கிழமை எது, ஞாயிற்றுக்கிழமை எது என்பதில் இங்கே யாருக்கும் தகராறு வந்ததில்லை.

இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஸ்ரீரங்கப்பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டை விழுந்து திப்பு சுல்தான் இறந்த நாள் ஆங்கிலக் கணக்கில் 1799 மே 4. ஹிஜ்ரிக் கணக்கில் அது 1213ஆம் ஆண்டு துல்கஅதா மாதத்தின் கடைசி நாட்களில் ஒன்று. நம் கணக்கில் சித்தார்த்தி ஆண்டு சித்திரை மாதம். ஆண்டும் வேறு, மாதமும் வேறு. மூன்றிலும் அன்று சனிக்கிழமை. திப்புவோ மௌலூதி என்ற புதிய ஆண்டுக் கணக்கையே நடைமுறைக்குக் கொண்டுவந்து, மாதங்களுக்கும் புதுப் பெயர் சூட்டியவர். அவரும் வாரத்தை அப்படியே விட்டுவைத்தார்.

ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. நாள் எப்போது தொடங்குகிறது என்பதில் மூன்று மரபுகளும் வேறுபடும். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில் நாள் மாறும். பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில் மாறும். இஸ்லாமிய மரபில் சூரியன் மறைந்ததும் மறுநாள் பிறந்துவிடும். வெள்ளி இரவு எட்டு மணி என்பது இஸ்லாமிய மரபில் சனிக்கிழமையின் இரவு. சனி விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழில் சனிக்கிழமை, ஜாதகத்தில் வெள்ளிக்கிழமை. பழைய பதிவுகளில் ஒரு நாள் முன்பின்னாக வந்தால், பிழை என்று தள்ளும் முன் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது இறுதித் தாக்குதல் பிற்பகல் ஒரு மணியளவில் தொடங்கியது. அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

கணக்கு

சாதாரண ஆண்டு 365 நாள். 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அதே தேதி ஒரு கிழமை தள்ளி வரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். கிழமைக் கணக்கின் சாரம் முழுவதும் இந்த மிச்சத்தைக் கூட்டி ஏழேழாகக் கழிப்பதுதான்.

கர்நாடக மாநிலத்தின் மூன்று நவம்பர் முதல் தேதிகளை வைத்துப் பார்ப்போம். 1956 நவம்பர் 1 மாநிலம் உருவான நாள், வியாழக்கிழமை. மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியது 1973 நவம்பர் 1. இடையே 17 ஆண்டுகள். 1960, 64, 68, 72 என நான்கு லீப் ஆண்டுகள். பதினேழும் நான்கும் 21. ஏழால் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே அதுவும் வியாழக்கிழமை. இந்த ஊரின் பெயர் மைசூரு என்று அதிகாரபூர்வமாக மாறியது 2014 நவம்பர் 1. 1973இலிருந்து 41 ஆண்டுகள், பத்து லீப் ஆண்டுகள், மொத்தம் 51. மீதி 2. வியாழனிலிருந்து இரண்டு தள்ளினால் சனிக்கிழமை.

தெரிந்த நாள் ஒன்றும் கையில் இல்லையென்றால்? பன்னிரண்டு மாதத்துக்கும் ஒவ்வோர் எண்ணை மனப்பாடம் செய்தால் போதும். ஜனவரி 0, பிப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 6, மே 1, ஜூன் 4, ஜூலை 6, ஆகஸ்ட் 2, செப்டம்பர் 5, அக்டோபர் 0, நவம்பர் 3, டிசம்பர் 5. மும்மூன்றாகச் சொன்னால் நாவில் நிற்கும்: 033, 614, 625, 035.

ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை எடுங்கள். அதை நான்கால் வகுத்த ஈவைக் கூட்டுங்கள். மாத எண்ணையும் தேதியையும் கூட்டுங்கள். ஏழால் வகுத்த மீதிதான் கிழமை: ஞாயிறு 0, திங்கள் 1, இப்படியே சனி 6. இது 1900களுக்கு. 2000களில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 1800களில் இரண்டும் 1700களில் நான்கும் கூட்ட வேண்டும். லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி என்றால் மேலும் ஒன்று கழிக்க வேண்டும். அந்த ஆண்டுக்குரிய மிகை நாள் அப்போது இன்னும் வந்திருக்காது அல்லவா?

1947 ஆகஸ்ட் 15: 47, 11, 2, 15. கூட்டினால் 75, மீதி 5, வெள்ளி. காந்தியடிகள் சுடப்பட்ட 1948 ஜனவரி 30: 48, 12, 0, 30. மொத்தம் 90. லீப் ஆண்டின் ஜனவரி என்பதால் 89, மீதி 5, அதுவும் வெள்ளி. ராமானுஜன் பிறந்த 1887 டிசம்பர் 22: 87, 21, 5, 22, நூற்றாண்டுக்காக 2. மொத்தம் 137, மீதி 4, வியாழன்.

நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எண் மாறுவதற்குக் காரணம் லீப் விதியின் இரண்டாம் பகுதி. நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு என்பது பலருக்குத் தெரியும். நூற்றாண்டு ஆண்டுகள் 400ஆல் வகுபட்டால்தான் லீப் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். 2000 லீப், 1900 இல்லை, 2100 இல்லை. மென்பொருளிலும் இந்த மறதி குடியேறியிருக்கிறது. எக்ஸெல் 1900ஐ லீப் ஆண்டாகவே எண்ணும். தனக்கு முந்திய லோட்டஸ் மென்பொருளோடு ஒத்துப்போவதற்காகத் தெரிந்தே விட்டுவைத்த பிழை அது. அதனால் 1900 ஜனவரி 1 திங்கட்கிழமையாக இருந்தும், எக்ஸெல் ஞாயிறு என்று காட்டும்.

நானூறு ஆண்டுகளில் 97 லீப் ஆண்டுகள். நானூறும் தொண்ணூற்றேழும் 497. அது ஏழின் 71 மடங்கு. எனவே 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமை உட்பட நாட்காட்டி அச்சுப்பிசகாமல் திரும்பும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த 400 ஆண்டுகளின் 4800 மாதங்களில் 13ஆம் தேதி அதிகமாக விழும் கிழமை வெள்ளி, 688 முறை.

பெங்களூரில் பிறந்த சகுந்தலா தேவி எந்தத் தேதியைக் கேட்டாலும் கிழமையைச் சொல்லி அரங்குகளை வியப்பில் ஆழ்த்தியவர். ஆறு வயதில் அவர் தன் திறமையைக் காட்டிய இடம் நம் மைசூர்ப் பல்கலைக்கழகம். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 வினாடியில் பெருக்கிய சாதனை வேறு யாருக்கும் எளிதில் கைகூடாது. ஆனால் அன்று என்ன கிழமை என்பதை இப்போது நீங்களும் சொல்லலாம். 80, 20, 4, 18 என்று கூட்டிப் பாருங்கள். புதன்.

நம் முன்னோரின் மிகை நாள்

தமிழ் ஆண்டுக்கு லீப் விதி உண்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விதியாக எழுதிவைக்கவில்லை, ஆனால் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. இது ஆரியபடரின் அளவு. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி, விநாடிக்கு 60 தற்பரை. வாரங்களைக் கழித்துவிட்டால் ஆண்டுதோறும் மிஞ்சுவது ஒரு நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. போன ஆண்டு சூரியன் மேஷத்தில் நுழைந்த கிழமையோடும் நேரத்தோடும் இதைக் கூட்டினால் இந்த ஆண்டின் கிழமையும் நேரமும் வந்துவிடும். சூரியன் மறைவதற்குள் இந்த நுழைவு, அதாவது சங்கிரமணம், நிகழ்ந்தால் அன்றே மாதத்தின் முதல் நாள், மறைந்த பின் என்றால் மறுநாள். மிகை நாள் தானாகவே வந்து சேரும்.

நான்கு ஆண்டு கூட்டினால் ஐந்து நாளும் 2 நாழிகை 5 விநாடியும் வரும். அந்தச் சில்லறை சேர்ந்து சேர்ந்து 576 ஆண்டில் ஐந்து முழு நாளாகிவிடும். ஆக 576 ஆண்டில் நமக்கு 149 மிகை நாட்கள். ஐரோப்பாவின் பழைய ஜூலியன் கணக்கில் அதே காலத்துக்கு 144. இன்றைய ஆங்கில நாட்காட்டியான கிரிகோரியன் கணக்கில் 140க்கும் சற்றுக் குறைவு. இந்த வேறுபாட்டால்தான் ஆங்கிலத் தேதியோடு ஒப்பிடும்போது நம் பண்டிகைகள் ஏறக்குறைய 62 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகின்றன. சுவாமி விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தவர். அந்த நாள் 1863 ஜனவரி 12, திங்கட்கிழமை. இன்று சங்கராந்தி 14லோ 15லோ வருகிறது. நழுவியது தேதி. கிழமை வரிசையில் ஒரு நாளும் விடுபடவில்லை.

இந்தத் தமிழ்க் கணக்கு முறையை அச்சில் பதிந்த ஐரோப்பியர்களுள் முக்கியமானவர் ஜான் வாரன். மைசூர் நாட்டின் நில அளவையில் வேலை பார்த்தவர். 1802இல் கோலார்ப் பகுதியில் தங்கத்தைத் தேடிப் பார்த்தவரும் அவரே. சிறிது காலம் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்து, பிறகு புதுச்சேரியில் வாழ்ந்தார். அவருடைய 'கால சங்கலித' என்ற நூல் 1825இல் சென்னையில் வெளிவந்தது. அந்த ஆண்டு மே இறுதியில் வந்த சந்திர கிரகணத்தை ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்தார். கிரகணத் தொடக்க நேரம் சில நிமிடங்களே பிசகியது; நடுவிலும் முடிவிலும் பிசகு கூடுதல். வானியல் வரலாற்று அறிஞர் ஆட்டோ நியூகெபவர் 1952இல் இந்தப் பதிவை எடுத்துக்கொண்டு தமிழ் வானியல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

நம் கணிதர்கள் கிழமையைச் சோதனைக் கருவியாகவே வைத்திருந்தார்கள். கலியுகத் தொடக்கம் ஜூலியன் கணக்கில் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அன்று முதல் இன்று வரை கழிந்த நாட்களின் தொகைக்கு அகர்கணம் என்று பெயர். அதிக மாதம், தள்ளுபடியாகும் திதி என்று பல படிகள் கடந்து அந்தத் தொகையை அடையும்போது ஒரு நாள் கூடவோ குறையவோ வந்துவிடக்கூடும். அப்போது தொகையை ஏழால் வகுத்து, வெள்ளியிலிருந்து எண்ணிப் பார்ப்பார்கள். கிடைத்த கிழமை நடப்புக் கிழமையோடு பொருந்தாவிட்டால் ஒன்றைக் கூட்டியோ கழித்தோ திருத்துவார்கள். மண்டியில் பேரேட்டின் மொத்தத்தைக் கல்லாவில் இருக்கும் பணத்தோடு சரிபார்ப்பது போன்ற வேலைதான் இது.

கல்லில் பொறித்த கிழமை

இந்தச் சரிபார்ப்புதான் தமிழக வரலாற்றுக்கு ஆண்டுகளைத் தந்தது. நம் கல்வெட்டுகளில் பெரும்பாலும் சக ஆண்டு இருக்காது. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன ஞாயிறு (சூரிய மாதம்), இன்ன பக்கம், இன்ன திதி, 'திங்கட்கிழமை பெற்ற புனர்பூசத்து நாள்' என்பது போல் இருக்கும். அரசன் எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தான் என்று தெரியாமல் இதை ஆங்கிலத் தேதியாக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ளவோ இந்தக் கல்வெட்டைத் தவிர வேறு வழியில்லை.

பிரான்ஸ் கீல்ஹார்ன் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த முடிச்சை அவிழ்த்தார். மாதமும் திதியும் நட்சத்திரமும் ஓர் ஆண்டில் எந்த நாளில் சேர்ந்து வரும் என்று கணிக்கலாம். அந்த நாளில் கல்வெட்டு சொல்லும் கிழமையே வருவதற்கு ஏழில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஆகவே ஊகித்த ஆண்டுகளில் ஏறத்தாழ ஏழில் ஆறைக் கிழமை தள்ளிவிடும். வேறு வேறு ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த பல கல்வெட்டுகளை இப்படிச் சோதித்தால், எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தும் தொடக்கம் ஒன்றுதான் மிஞ்சும். பிறகு எல்லை கட்டலாம். ஆட்சி இந்தத் தேதிக்குப் பின்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று ஒரு கல்வெட்டு சொல்லும், இந்தத் தேதிக்கு முன் என்று இன்னொன்று சொல்லும். முதலாம் இராசராசன் பட்டத்துக்கு வந்தது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று பாடநூல்களில் படிக்கிறோமே, அது இந்த வழியில் கிடைத்த விடை.

இந்தக் கணக்கை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தவர் ஒரு தமிழர். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1865இல் பிறந்து 1925இல் மறைந்தார். சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராக இருந்தவர். 1911இல் 'இந்தியன் குரோனாலஜி', 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரையிலான 'இந்தியன் எபிமெரிஸ்' ஆகியவற்றை வெளியிட்டார். பதினோரு நூற்றாண்டின் நாட்களுக்குக் கிழமை, திதி, நட்சத்திரம். கணினி இல்லாத காலத்து உழைப்பு அது. இன்றும் கல்வெட்டு ஆய்வாளரின் மேசையில் அதற்கு இடமுண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு உதகமண்டலத்திலிருந்து 1966இல் மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகள் இந்த ஊரில் காக்கப்பட்டதை இங்கே நினைவுகூர வேண்டும்.

அதே சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் இன்னொரு முயற்சி கிழமையின் எல்லையையும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளுக்கு மாதம், பக்கம், திதி, நட்சத்திரம், வெள்ளிக்கிழமை என்ற குறிப்புகள் உண்டு. அவற்றைக் கணித்து அவர் 756 ஜூலை 23 என்று முடிவு கட்டினார். ஜூலியன் கணக்கில் அது வெள்ளிக்கிழமைதான், கணக்கில் குறையில்லை. ஆனாலும் பல அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. இத்தகைய சேர்க்கை வேறு நூற்றாண்டுகளிலும் வரும். காப்பியத்தின் காலத்தை முடிவு செய்ய வேறு சான்றுகளும் வேண்டும். பொய்யான தேதியைக் கிழமை பிடித்துவிடும். உண்மையான தேதியைத் தனியாக நின்று நிறுவ அதனால் ஆகாது. நல்ல சாட்சிக்கும் ஒரு வரம்பு உண்டு.

இரண்டு தேதி, ஒரு புதன்

ஐரோப்பியத் தேதிகளிலும் இந்தச் சாட்சி தேவைப்படும். போப் கிரிகோரி 1582இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி ஆனது. தேதியில் பத்து நாள் மறைந்தது, வாரத்தில் ஒரு நாளும் மறையவில்லை. பிரிட்டன் 170 ஆண்டு தாமதித்து 1752 செப்டம்பரில்தான் மாறியது. 2ஆம் தேதி புதன், மறுநாள் 14ஆம் தேதி வியாழன்.

1700இல் பழைய கணக்கில் மட்டும் லீப் நாள் வந்ததால், பத்து நாள் இடைவெளி பதினொன்றாகியிருந்தது. அது முதல் 1752 வரை ஆங்கிலேயர் சென்னையும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியும் பதினோரு நாள் இடைவெளியில் தேதி எழுதின. லா போர்தோனே சென்னைக் கோட்டையைப் பிடித்தது 1746 செப்டம்பர் 10 என்று ஆங்கிலேயப் பதிவு சொல்லும், செப்டம்பர் 21 என்று பிரெஞ்சுப் பதிவு சொல்லும். படிப்பவருக்குக் குழப்பம். கிழமையை அந்தந்த நாட்காட்டியின்படி கணித்தால் இரண்டும் ஒரே புதன்கிழமை. புதுச்சேரியில் அப்போது நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையோ தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, ஐரோப்பியத் தேதி எல்லாவற்றையும் சேர்த்தே எழுதும் வழக்கமுள்ளவர். அவருடைய இந்தக் கைப்பழக்கம் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்களுக்குப் பெரும் உதவியாயிற்று.

வாரத்தை உடைக்கப் பார்த்தவர்கள்

பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் பத்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். சோவியத் அரசு 1929இல் ஐந்து நாள் வாரத்தை முயன்றது. இரண்டும் நிலைக்கவில்லை. இந்தியாவும் இதில் ஒரு பங்கு வகித்தது. 1952இல் மேக்நாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டுத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. இது ஒரு பக்கம். மறுபக்கம், 1953இல் இந்தியா ஐக்கிய நாடுகள் அவையில் 'உலக நாட்காட்டி'த் திட்டத்தை முன்வைத்தது. அதில் ஆண்டுக்கு 364 நாள், சரியாக 52 வாரம். 365ஆம் நாளுக்குக் கிழமையே கிடையாது. எந்தத் தேதிக்கும் என்றென்றும் ஒரே கிழமை.

சமயத் தலைவர்கள் எதிர்த்தார்கள். வெள்ளியும் சனியும் ஞாயிறும் தத்தம் தொடர்ச்சியை இழந்துவிடும் என்பது அவர்கள் கவலை. அமெரிக்காவும் மறுத்தது. திட்டம் கைவிடப்பட்டது. ஒரு கணக்கு வாத்தியாராக எனக்கு வேறொரு காரணமும் தோன்றுகிறது. தேதிக்குக் கிழமை நிலையாக ஒட்டிக்கொண்டால், கிழமை புதிதாக எதையும் சொல்லாது. ஏப்ரல் 14 எப்போதும் சனிக்கிழமை என்றால், அது எந்த ஆண்டின் ஏப்ரல் 14 என்று கேட்பவருக்கு அந்தச் சனிக்கிழமை உதவவே உதவாது. ஆண்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ நழுவிக்கொண்டே போவதால்தான் கிழமைக்குச் சாட்சி சொல்லும் தகுதி. லீப் ஆண்டு தரும் தொல்லைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வேண்டுகோள்

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். வீட்டில் பழைய பத்திரம், பாட்டனார் ஜாதகம், திருமண அழைப்பிதழ், கணக்கு நோட்டு எது இருந்தாலும், அதிலுள்ள தேதியையும் கிழமையையும் இன்று சொன்ன முறையில் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். பொருந்தாவிட்டால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். பிறந்த நேரம் நள்ளிரவுக்குப் பின்னா, நகல் எடுத்தவர் ஆண்டை மாற்றி எழுதினாரா என்று விசாரியுங்கள். இரண்டாவது, இனி நீங்கள் எழுதும் கடிதம், நாட்குறிப்பு, நடவடிக்கைக் குறிப்பு, கட்டடத்தில் பதிக்கும் கல் எதிலும் தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். ஒரு சொல்தான் கூடுதல். தேதியில் கை தவறினால், நூறு ஆண்டு கழித்துப் படிப்பவர் அதைக் கண்டுபிடிக்க ஏழில் ஆறு வாய்ப்பை நீங்கள் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்.